புற்றுநோய் ஏற்றத்தாழ்வு ஆய்வில் இளம் ஆய்வாளர்களுக்கான பயிற்சியும் வழிகாட்டலும்

புற்றுநோய் ஏற்றத்தாழ்வு என்பது ஒரே நாட்டில் வாழும் வெவ்வேறு மக்கள் பிரிவினரிடையே புற்றுநோய் வரும் அளவிலும், அது கண்டறியப்படும் கட்டத்திலும், கிடைக்கும் சிகிச்சையிலும், அதனால் நேரும் இறப்பிலும் காணப்படும் வேறுபாடு ஆகும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இது தனி ஆய்வுத்துறையாக வளர்ந்துள்ளது. அதிகம் பாதிக்கப்படும் பிரிவுகளிலிருந்தே இளம் ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, மூத்த ஆய்வாளர் ஒருவரின் துணையுடன் தனித்து ஆய்வு நடத்தும் நிலைக்குக் கொண்டுவருவதும் இத்துறையின் பணிகளில் ஒன்றாகிவிட்டது. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர், அமெரிக்கப் பழங்குடியினர், ஆசியக் குடியேறிகள், வறிய கிராமப்புறத்தார் ஆகியோர் இதில் முக்கியமாகக் கருதப்பட்டனர்.

இதற்குத் தனி ஏற்பாடு எதற்கு, திறமையுள்ளவர் தாமே வந்துவிட மாட்டாரா என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கான விடை இத்துறையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஏற்றத்தாழ்வின் அளவு

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது. ஆனால் அந்நோயால் இறக்கும் வீதம் அவர்களிடையே ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம். புராஸ்டேட் புற்றுநோயால் கறுப்பின ஆண்கள் இறக்கும் வீதம் வெள்ளையரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. நோய் குறைவாக வந்தும் இறப்பு கூடுதலாக இருப்பதற்கு உடலியல் காரணம் ஓரளவுதான் பொறுப்பு. காப்பீடு இல்லாமை, சோதனைக்குத் தாமதமாக வருதல், சிகிச்சை இடையில் நின்றுபோதல், மருத்துவமனையின் தரம், வேலையை விட்டு வர முடியாத நிலை எனப் பல காரணங்கள் அதில் பின்னிக் கிடக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் உயிரணுவை மட்டும் பார்ப்பவருக்கு இவற்றில் பல கண்ணில் படுவதில்லை.

ஹோவார்டில் தொடங்கிய சங்கிலி

வாஷிங்டன் நகரிலுள்ள ஹோவார்ட் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களுக்காக ஏற்பட்டது. இரத்த வங்கி முறையை வகுத்தவர்களில் முதன்மையானவரான சார்லஸ் ட்ரூ அங்கே அறுவைச் சிகிச்சைப் பேராசிரியராக இருந்தார். அவரிடம் பயிற்சி பெற்ற ஜாக் ஒயிட், நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை பயின்று ஹோவார்டுக்கே திரும்பினார். ட்ரூ 1950ஆம் ஆண்டு ஏப்ரலில் கார் விபத்தில் இறந்தார். அவரிடம் கடைசியாகப் பாடம் கேட்ட மாணவர்களுள் லசால் லெஃபால் ஒருவர். அவரும் மெமோரியல் மருத்துவமனை சென்று பயின்று, திரும்பி வந்து ஹோவார்டில் பல்லாண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1978இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார்.

1973இல் ஹோவார்ட் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. உல்ரிக் ஹென்ஷ்கே முதல் ஆசிரியர். லெஃபாலும் ஒயிட்டும் உடன் ஆசிரியர்கள். 1950க்கும் 1967க்கும் இடையில் கறுப்பினத்தவரின் புற்றுநோய் இறப்பு வீதம் சுமார் 20 விழுக்காடு கூடியிருந்தது; வெள்ளையரின் வீதம் ஏறக்குறைய அப்படியே நின்றது. இந்த எண்கள் அரசின் இறப்புப் பதிவேடுகளில் எவரும் பார்க்கக்கூடியவையாகவே இருந்தன. கறுப்பின நோயாளிகள் தாமதமாக வந்து இறப்பதை நாள்தோறும் பார்த்துவந்த மருத்துவமனைக்குத்தான் அவற்றைக் கூட்டிப் பார்க்கத் தோன்றியது.

ஹோவார்டிலும் பின்னர் அதே மெமோரியலிலும் பயின்ற ஹரால்ட் ஃப்ரீமன், 1967இல் நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனைக்கு அறுவைச் சிகிச்சை மருத்துவராகச் சென்றார். 1986 வரையிலான 22 ஆண்டுகளில் அங்கே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 606 பேரின் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். ஐந்தாண்டு உயிர் பிழைத்தவர்கள் 39 விழுக்காடு மட்டுமே. ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில் வந்தவர்கள். கத்தியால் தீர்க்கக்கூடிய சிக்கல் இது இல்லை என்று உணர்ந்த அவர், முதலில் இலவசச் சோதனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1990இல் 'நோயாளி வழித்துணை' என்னும் முறையை ஏற்படுத்தினார். சோதனையில் சந்தேகம் எழுந்த பெண்ணின் கூடவே ஒரு பணியாளர் இருந்து, காப்பீட்டுப் படிவம், அடுத்த சந்திப்பு நாள், போக்குவரத்து, அச்சம் ஆகிய எல்லாவற்றிலும் சிகிச்சை முடியும்வரை துணை நிற்பதே அம்முறை. 1995 முதல் 2000 வரை சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தாண்டு பிழைத்தோர் 70 விழுக்காடு ஆயினர். 2001இல் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஏற்றத்தாழ்வுகளைக் குறைப்பதற்கென ஒரு மையத்தை நிறுவியபோது அதன் முதல் இயக்குநராக ஃப்ரீமனே அமர்ந்தார்.

ட்ரூ, ஒயிட், லெஃபால், ஃப்ரீமன் என்ற இந்த வரிசையைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். நால்வரும் ஒரே கல்லூரியோடு தொடர்புடையவர்கள். அந்த ஒரு கல்லூரி இல்லாதிருந்தால் இத்துறை எத்தனை ஆண்டு தாமதமாகப் பிறந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆசிரியரும் மாணவரும் தற்செயலாகக் கூடியதால் விளைந்ததைத் திட்டமிட்டு விளைவிக்க முடியுமா என்பதுதான் பின்வந்த பயிற்சித் திட்டங்களின் நோக்கம்.

கேட்பவரைப் பொறுத்த கேள்வி

யார் ஆய்வு செய்கிறார் என்பதால் முடிவு மாறக் கூடாது என்பது அறிவியலின் விதி. ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பது கேட்பவரைப் பொறுத்தே அமைகிறது. இரண்டு எடுத்துக்காட்டுகள் இதை விளக்கும்.

2013இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறியும் ஸ்கேன் சோதனையை 55 முதல் 80 வயது வரையுள்ள கடும் புகைப்பழக்கத்தினருக்குப் பரிந்துரைத்தது. 'கடும் பழக்கம்' என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நாளொன்றுக்கு எத்தனை பாக்கெட் சிகரெட் என்பதை எத்தனை ஆண்டு என்பதால் பெருக்க வேண்டும். விடை 30 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். நாள்தோறும் அரைப் பாக்கெட்டாக நாற்பது ஆண்டு புகைத்தவருக்கு விடை 20தான். அவர் தகுதி பெறமாட்டார். கறுப்பினத்தவர் பொதுவாக நாளொன்றுக்குக் குறைவான சிகரெட்டுகளே புகைக்கின்றனர். இருந்தும் அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகமாகவும் இளவயதிலும் வருகிறது. விதியை வகுக்கப் பயன்பட்ட பெரிய மருத்துவச் சோதனையில் பங்கேற்றவர்களோ பெரும்பாலும் வெள்ளையர்.

இதைக் கண்டுபிடிக்க உதவியது தென்மாநிலச் சமூகத் தொடராய்வு. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலுள்ள வான்டர்பில்ட் பல்கலைக்கழகமும், கறுப்பின மாணவர்களுக்காக ஏற்பட்ட மெஹாரி மருத்துவக் கல்லூரியும் இணைந்து 2002இல் தொடங்கிய ஆய்வு அது. 12 மாநிலங்களில் ஏழைகள் வரும் சமூக நல மையங்களிலேயே ஆள் சேர்த்ததால், ஏறத்தாழ 85,000 பேரில் மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவராக அமைந்தனர். அத்தரவுகளைக் கொண்டு 2019இல் வெளிவந்த கட்டுரையின்படி, புகைப்பழக்கமுள்ள வெள்ளையரில் 31 விழுக்காட்டினர் சோதனைக்குத் தகுதி பெற்றனர். கறுப்பினத்தவரில் 17 விழுக்காட்டினரே பெற்றனர். நுரையீரல் புற்றுநோய் வந்தேவிட்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலும், வெள்ளையரில் 56 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 32 விழுக்காடு என்றே இருந்தது. பணிக்குழு 2021 மார்ச்சில் வயதை 50 ஆகவும் கணக்கை 20 ஆகவும் குறைத்தது. மேலே சொன்ன அரைப் பாக்கெட் மனிதருக்கு இப்போது சோதனை கிடைக்கும்.

மற்றொன்று 'ஆசியர்' என்ற சொல்லைப் பற்றியது. 1988 முதல் 1992 வரையிலான புற்றுநோய்ப் பதிவேடுகளில், அமெரிக்காவில் வாழும் ஜப்பானிய வழிப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் லட்சத்துக்கு 5.8 ஆக இருந்தது. வியட்நாமிய வழிப் பெண்களிடையே அது 43. இரண்டையும் 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்தில் போட்டுச் சராசரி எடுத்தால் வியட்நாமியப் பெண்களின் நிலை மறைந்துபோகும். பிரித்துப் பார்த்த பிறகு கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டத்தில் நடந்த ஆய்வில், வானொலி, செய்தித்தாள் விளம்பரங்களோடு வியட்நாமிய மொழி பேசும் சமூகப் பணியாளர்களும் பெண்களை நேரில் சந்தித்துப் பேசியபோது, விளம்பரம் மட்டும் செய்த இடத்தைவிடச் சோதனைக்கு வந்தவர்கள் அதிகரித்தனர். அந்த மொழியும் வீட்டுப் பழக்கமும் தெரிந்தவர் குழுவில் இருப்பதன் பயன் இது.

பயிற்சியின் பாதை

தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய தொடர் பயிற்சித் திட்டம், உயர்நிலைப் பள்ளி மாணவர் தொடங்கிப் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் வரை ஒவ்வொரு படியிலும் ஒரு நிதியுதவி இருக்குமாறு வகுக்கப்பட்டது. பள்ளி மாணவருக்குக் கோடை விடுமுறையில் ஆய்வுக்கூட வேலை, முனைவர் பட்ட மாணவருக்கு உதவித்தொகை, பட்டம் பெற்ற பின் வழிகாட்டியுடன் கூடிய பணிமேம்பாட்டு விருது என்று அது நீளும். ஒரு படியில் கைவிட்டால் முந்தைய படிகளில் செலவான பணம் வீண் என்பதே இந்த ஏற்பாட்டின் தருக்கம்.

2001இல் வேறொரு முறையும் வந்தது. சிறுபான்மை மாணவர் அதிகம் பயிலும் கல்லூரி ஒன்றையும் பெரிய புற்றுநோய் மையம் ஒன்றையும் நிதியால் இணைத்தார்கள். மெஹாரியும் வான்டர்பில்ட்டும் அவ்வாறு இணைந்தவையே. பழங்குடி மாணவர் பலர் பயிலும் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகமும் அரிசோனா பல்கலைக்கழகப் புற்றுநோய் மையமும் மற்றொரு இணை. முதுகலை முடித்தவர்கள் முனைவர் பட்டத்துக்குப் போகாமல் நின்றுவிடுவதைக் கண்டு, கலிபோர்னியாவிலும் பின்னர் டெக்சாசின் சான் அன்டோனியோவிலும் சில நாள் கோடைப் பயிலரங்குகள் நடத்தப்பட்டன. அங்கே கற்பிக்கப்பட்டவற்றில் சில, விண்ணப்பம் எழுதுவது எப்படி, படிப்புச் செலவுக்கு வழி என்ன, வீட்டாரிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்பன போன்றவை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவருக்கு இவற்றைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இருப்பதில்லை.

எல்லாவற்றிலும் கடினமான கட்டம் முனைவர் பட்டத்துக்கும் சொந்த ஆய்வு நிதிக்கும் இடைப்பட்ட ஆண்டுகள். அமெரிக்காவில் ஒருவர் தமது முதல் பெரிய நல்கையைப் பெறும்போது சராசரியாக நாற்பது வயதைத் தாண்டிவிடுகிறார். படிப்புக் கடனும் பெற்றோரைப் பார்க்கும் பொறுப்பும் உள்ளவர் அவ்வளவு காலம் காத்திருப்பது கடினம். இக்கட்டத்துக்காகவே 'கே' என்ற எழுத்தால் அழைக்கப்படும் விருதுகள் உள்ளன. பொதுவாக மூன்று முதல் ஐந்தாண்டுக்குச் சம்பளம் தந்து, பணிநேரத்தில் குறைந்தது 75 விழுக்காட்டை ஆய்வுக்கென ஒதுக்கக் கல்லூரியைக் கட்டாயப்படுத்துவது இதன் சிறப்பு. பணத்தைவிட இந்த நேரப் பாதுகாப்பே பெரிது என்று சொல்லலாம். இல்லாவிட்டால் வகுப்பும் மருத்துவமனை வேலையும் நாள் முழுவதையும் தின்றுவிடும்.

வழிகாட்டுவதில் அடங்குபவை

பயிற்சி என்பது முறைகளைக் கற்பிப்பது. புள்ளியியல், நேர்காணல் நடத்தும் விதம், மரபணுத் தரவுகளைப் பகுத்தல் போன்றவை வகுப்பறையில் வந்துவிடும். வழிகாட்டல் வேறு வகை. எந்தக் கேள்வியை முதலில் எடுப்பது, எந்த இதழுக்கு அனுப்புவது, கூட்டு ஆய்வில் தன் பெயர் எங்கே வர வேண்டும் என்று எப்படிக் கேட்பது, எந்தக் குழுவில் உறுப்பினராக மறுப்பது ஆகியவை எந்தப் பாடநூலிலும் இல்லை. நல்ல வழிகாட்டி விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைப் பத்துமுறை திருத்துவார். தம் நண்பர்களுக்கு இளம் ஆய்வாளரை அறிமுகப்படுத்துவார். ஒரு கட்டத்தில் அந்த ஆய்வுப் பொருளையே அவருக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கியும் நிற்பார். கடைசியாகச் சொன்னது பலருக்குக் கைவருவதில்லை.

நல்ல ஆய்வாளரெல்லாம் நல்ல வழிகாட்டி ஆகிவிடுவார் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. நல்ல கணக்காளர் எல்லாரும் நல்ல கணக்காசிரியர் ஆவார் என்று எந்தப் பள்ளியும் நம்புவதில்லை. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஜோ ஹாண்டல்ஸ்மன், கிறிஸ்டின் ஃபண்ட் முதலியோர் 2005இல் வழிகாட்டிகளுக்கென ஒரு பாடத்திட்டம் வெளியிட்டனர். மாணவரிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை எழுத்தில் வைப்பது, புரிந்ததா எனச் சோதிப்பது, வேறுபட்ட பின்னணியை மதிப்பது, தனித்து நிற்கப் பழக்குவது என்று அதில் தலைப்புகள் உண்டு. பின்னர் 16 நிறுவனங்களில் 283 வழிகாட்டி-மாணவர் இணைகளைக் கொண்டு நடத்திய ஒப்பீட்டுச் சோதனையின் முடிவு 2014இல் வந்தது. பயிற்சி பெற்ற வழிகாட்டிகளின் திறன், பெறாதவர்களைவிட மேம்பட்டது தெரிந்தது. அதே ஆண்டில் தேசிய அளவிலான ஆய்வு வழிகாட்டல் வலையமைப்பையும் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் தொடங்கின.

ஒருவருக்கு ஒரே வழிகாட்டி போதாது என்பதும் அனுபவத்தில் விளங்கியது. ஆய்வு முறைக்கு ஒருவர், பணிவாழ்க்கைக்கு ஒருவர், ஆய்வு நடக்கும் சமூகத்திலிருந்து ஒருவர் எனச் சிலர் சேர்ந்து வழிநடத்துவது இப்போது வழக்கம். சொந்த இனத்து மூத்தவரையே வழிகாட்டியாகப் பெறுவது எல்லாருக்கும் இயலாது. அத்தகையோர் மிகச் சிலரே. 1978இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த கறுப்பின ஆண்கள் 542 பேர். 2014இல் 515 பேர். அந்தச் சில மூத்தவர்களிடமே எல்லா மாணவரும் போய் நிற்கின்றனர். கல்லூரியும் எல்லாக் குழுக்களிலும் அவர்களையே போடுகிறது. பதவி உயர்வுக்குக் கணக்கில் வராத இந்தக் கூடுதல் சுமைக்கு 'சிறுபான்மை வரி' என்று பெயர் வந்துவிட்டது. வழிகாட்டும் நேரத்துக்குச் சம்பளமும் பதவி உயர்வில் மதிப்பெண்ணும் தராத கல்லூரியில் வழிகாட்டல் திட்டம் பெயரளவில்தான் நடக்கும்.

நிதிக் கதவு

2011இல் டோனா ஜின்தர் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 2000 முதல் 2006 வரை தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் முதன்மை நல்கைக்கு வந்த விண்ணப்பங்களில், வெள்ளையர் அனுப்பியவற்றில் சுமார் 29 விழுக்காடும் கறுப்பினத்தவர் அனுப்பியவற்றில் சுமார் 16 விழுக்காடும் வென்றன. கல்வி, பயிற்சி, வெளியீடுகள் முதலியவற்றைச் சமன்செய்து கணக்கிட்ட பிறகும் 10 புள்ளி இடைவெளி எஞ்சியது. முதல்முறை நிராகரிக்கப்பட்டால் கறுப்பின ஆய்வாளர்கள் திருத்தி மீண்டும் அனுப்புவது மற்றவர்களைவிடக் குறைவு என்பதும் அதில் தெரிந்தது.

நல்கை விண்ணப்பம் முதல்முறை தோற்பது அமெரிக்காவில் வழக்கமான செய்தி. புகழ்பெற்ற ஆய்வாளர்களும் இரண்டாம் முறை வென்றவர்களே. அது தெரியாத இளைஞர் நிராகரிப்புக் கடிதத்தைத் தம் தகுதிக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார். மதிப்பீட்டாளர் சொன்ன குறைகளில் எது தீரக்கூடியது, எதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அந்த வாரத்தில் உட்கார்ந்து சொல்ல ஒருவர் இருந்தால் விண்ணப்பம் மீண்டும் போகும்.

2019இல் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. டிராவிஸ் ஹாப்பி குழுவினர் அதே நிறுவனங்களின் விண்ணப்பங்களைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பார்த்தனர். கறுப்பின ஆய்வாளர்கள் சமூக அளவிலான நலவாழ்வு, ஏற்றத்தாழ்வு போன்ற பொருள்களை அதிகம் தேர்ந்தெடுக்கின்றனர். உயிரணு, மூலக்கூறு பற்றிய பொருள்களைவிட இப்பொருள்களுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு யார் விண்ணப்பித்தாலும் குறைவு. நிதி இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பொருள் தேர்வால் நேர்ந்தது. தம் மக்களின் நோயை ஆராய வந்தவருக்கு வழிகாட்டி என்ன சொல்வது? வேறு பொருளுக்கு மாறினால் பணிவாழ்க்கைக்கு நல்லது. மாறினால் அவர் வந்த காரணமே போய்விடும். ஏற்றத்தாழ்வுக் கேள்வியை விடாமல், அதற்கு உயிரியல் அல்லது மருத்துவச் சோதனைப் பகுதி ஒன்றைச் சேர்க்கச் சொல்வது பலர் காணும் நடுவழி. அது ஆய்வாளரைக் காப்பாற்றுகிறது. மதிப்பீட்டு முறையின் குறையை அப்படியே விட்டுவிடுகிறது.

சமூகத்தின் நம்பிக்கை

அமெரிக்கச் சிறுபான்மையினருக்கு ஆய்வு என்றாலே ஐயம் எழக் காரணம் உண்டு. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்கு, பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அரிசோனாவின் ஹவாசுபாய் பழங்குடியினர் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த இரத்தம், அவர்களுக்குத் தெரியாமல் வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. 2010இல் அவ்வழக்கு இழப்பீட்டுடன் முடிந்தது. இந்த வரலாற்றைக் கற்பிப்பதும் பயிற்சியின் பகுதி. பழங்குடிப் பகுதிகளில் ஆய்வு தொடங்கும் முன் பழங்குடி அரசின் ஒப்புதலும், பல இடங்களில் கட்டுரையை வெளியிடும் முன் மீண்டும் அதன் ஒப்புதலும் வேண்டும். இதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். ஐந்தாண்டு விருதில் இருக்கும் இளம் ஆய்வாளருக்கு இது நெருக்கடி. ஆகவே ஏற்கெனவே அங்கே நம்பிக்கை பெற்ற மூத்தவர் தம் திட்டத்துக்குள் இடம் கொடுப்பதே நடைமுறை வழி.

2025க்குப் பின்

2025 ஜனவரியில் பதவியேற்ற அமெரிக்க அரசு, பன்முகத்தன்மையை நோக்கமாகக் கொண்ட கூட்டாட்சித் திட்டங்களை நிறுத்த உத்தரவிட்டது. பின்தங்கிய பிரிவினருக்கான ஆய்வுப் பயிற்சி அறிவிப்புகள் பல திரும்பப் பெறப்பட்டன. நூற்றுக்கணக்கான நல்கைகள் நடுவில் நின்றன. இன அடிப்படையில் நிதி ஒதுக்குவது சமத்துவத்துக்கு முரண் என்பது அரசுத் தரப்பு வாதம். நோய் இன அடிப்படையில் வேறுபடும்போது அதை ஆராய்வதை நிறுத்த முடியாது என்பது எதிர்வாதம். ஜூன் மாதம் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் ரத்து உத்தரவுகள் செல்லாது என்றார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில், வழக்கு நடக்கும்போது நிதியை நிறுத்திவைக்க அரசுக்கு இடமளித்தது.

மூத்த ஆய்வாளர் ஒரு நல்கை நின்றாலும் இன்னொன்றைக் கொண்டு சமாளிப்பார். 'கே' விருதில் மூன்றாம் ஆண்டில் இருப்பவருக்கு அந்த விருதுதான் சம்பளம். அரசு நிதியைச் சாராத ஏற்பாடுகளில் குறிப்பிடத்தக்கது அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுக் கழகம் 2007இல் தொடங்கிய ஏற்றத்தாழ்வு மாநாடு. அதில் இளம் ஆய்வாளர்கள் தம் முடிவுகளைச் சுவரொட்டியாக வைத்து அதன் அருகே நிற்கிறார்கள். மூத்தவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.